நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்

கிராம்காரர் என்று ஓர் இனம் உண்டு. பின்லாந்தில் எங்கள் கைனூ வட்டாரத்தில் கரடியைவிட அதிகமாகவும் கொசுவைவிடக் கொஞ்சம் குறைவாகவும் காணப்படும். வேட்டைக்காரர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் காட்டில் பார்ப்பது அரிது. கடை வாசலிலும் கம்ப்யூட்டர் எதிரிலும்தான் அதன் மேய்ச்சல்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஏதாவது ஒரு பொருளை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள். காப்பிக் கோப்பை, கதவுப் பூட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை, எதுவானாலும் சரி. நீங்களும் நானும் வாங்கி வைத்துக்கொள்வோம். கிராம்காரர் அதை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு முறை லேசாகத் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி, "முந்நூத்திப் பத்து" என்பார். குழந்தையானால் கிலோவில் சொல்வார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் என்ன, பையில்தான் தராசு இருக்கிறதே!

நான் இந்தப் பக்கத்துத் தபால்காரன். முப்பது வருடமாக இந்த இனத்தை அதன் வாசலிலேயே நின்று கவனித்து வருகிறேன். கலப்படமில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்ஸியோவைத்தான் காட்டுவேன். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரைலியின் கணவர், எங்கள் வேட்டைச் சங்கத்தில், மானுக்குக் காத்து நிற்கும்போது, ஏழாம் நம்பர் இடத்தில் நிற்பவர். நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அது மறந்துபோகும்.

எல்லாம் ஒரு நாயால் வந்தது. ஹல்லா என்று பெயர். சாம்பல் நிறம், சுருட்டிய வால், மூஸ் மானைத் தேடிப் பிடித்துக் குரைத்து நிறுத்துவதற்கென்றே பிறந்த ஜாதி. மூன்று வருடத்துக்கு முன், இரண்டு வயதில், முதல் வேட்டையிலேயே ஒரு மூஸைத் தன் எஜமானருக்கு நேராக ஓட்டிக்கொண்டு வந்தது. எஜமானர் சுட்டார். சங்கத்தில் சைலன்சர் இல்லாத துப்பாக்கி அவருடையதும் ரைலியுடையதும்தான். வெடி நாயின் தலைக்கு மேலேயே போயிற்று. ஹல்லா நான்கு கிலோமீட்டர் ஓடி வீட்டுக்குப் போய், சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் பலகைக்கு அடியில் புகுந்து, இரண்டு நாள் வெளியே வரவில்லை. சாசேஜைக் காட்டினாலும் வரவில்லை.

வெடிக்குப் பயந்த வேட்டை நாய்க்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு இடம்தான், சோபா. அந்த வாரம் ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். என்ஸியோ பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நான்தான் கெடுத்துட்டேன்" என்று வாசலில் நின்று அழுதார். பொய்யில்லாத அழுகை. அதனால்தான் நல்ல மனிதர் என்றேன்.

மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு சைலன்சர். உடனே சினிமாவை நினைத்துக்கொள்ளாதீர்கள், சத்தம் வரும். குழலின் நுனியில் ஓர் உருளையைத் திருகினால் காதைக் கிழிக்கிற வெடி, விறகு பிளக்கிற சத்தமாக இறங்கிவிடும். விறகு பிளப்பதற்கு எங்கள் ஊரில் எந்த நாயும் பயப்படாது. துப்பாக்கி உரிமம் கையில் இருந்தால் சட்டி பானை வாங்குவது போல் கடையில் வாங்கிக்கொண்டு வரலாம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

என்ஸியோ மூன்று வருடம் எடுத்துக்கொண்டார்.

கடைக்குக்கூடப் போயிருக்க வேண்டியதில்லை. வேட்டைக்குத் தலைவர் தவுனோ. அவர் அந்த வாரமே சங்கக் குடிலில் காப்பி மேஜைமேல் ஒரு பழைய உருளையைக் கொண்டுவந்து வைத்தார்.

"சும்மாதான் கெடக்கு. எடுத்துட்டுப் போ."

"எவ்வளவு இருக்கும்?" என்றார் என்ஸியோ.

"காசெல்லாம் வேணாம்."

"அதில்ல. எடை."

"எனக்கென்ன தெரியும்? இரும்பு. இரும்பு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கும்."

என்ஸியோ பையிலிருந்து தராசை எடுத்தார். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அறுநூத்தி இருபது! குழல் நுனியில அறுநூத்தி இருபதா? குறி வச்சா மூக்கு தொங்கிடாது?"

"யார் மூக்குடா, உன் மூக்கா?" என்றார் தவுனோ. எல்லாரும் சிரித்தோம். அந்த இரும்பு உருளை மேஜைமேலேயே கிடந்தது. கலைந்து போகும்போது ரைலி கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு அதையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கணவர் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் போனில் டைட்டானியம் என்று தேட ஆரம்பித்திருந்தார்.

இப்போது கிராம்காரரின் அன்றாட அனுஷ்டானங்களுக்கு வருவோம். காலையில் எழுந்ததும் அட்டவணை. என்ஸியோவின் அட்டவணையில் நாற்பத்தொரு சைலன்சர்கள் இருந்தன; ஒவ்வொன்றுக்கும் எடை, நீளம், விட்டம், எத்தனை டெசிபெல் குறைக்கும், டைட்டானியமா அலுமினியமா கார்பனா, குழலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்குமா அல்லது குழலின்மேல் உறை மாதிரிப் பின்னால் ஏறிக்கொள்ளுமா, பத்து சுற்றுச் சுட்டால் எவ்வளவு சூடாகும், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கட்டம் கட்டமாக எழுதி, பச்சை, மஞ்சள், சிவப்பு மை பூசி வைத்திருந்தார். மத்தியானம் இணையத்தில் சண்டை. ஓவ்லு நகரத்தில் முகம் தெரியாத ஒருவரோடு, கம்பெனிக்காரன் சொல்லும் எடையில், உருளையைக் குழலோடு திருகிப் பிணைக்கிற மரை வளையம் சேர்த்தியா இல்லையா என்று ஒரு குளிர்காலம் முழுவதும் வாதாடினார். ஏரி உறைந்தபோது தொடங்கியது. பனி உருகியபோதும் முடியவில்லை.

சனிக்கிழமைகளில் கடை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு என்ஸியோவின் கார் என் தபால் வண்டியைக் கடந்து போகும். கயானியில் ஒரு கடை, குவோபியோவில் இரண்டு. கடைக்காரர்கள் இவரைக் கண்டதும் எதையோ எடுக்கப் பின்கட்டுக்குப் போவார்கள். மாலை வெறுங்கையோடு, ஆனால் முகம் நிறைய வெளிச்சத்தோடு திரும்புவார்.

"வாங்கிட்டியா?" என்பாள் ரைலி.

"கிட்டத்தட்ட. எடை சரியா இருக்கு, ஆனா ரெண்டு டெசிபெல் போயிடுது."

அடுத்த வாரம்: "டெசிபெல் பிரமாதம். ஆனா ரெண்டு சென்டிமீட்டர் நீளம். மரக்கிளையில மாட்டும்."

அதற்கடுத்த வாரம்: "இப்ப வாங்கறவன் முட்டாள். வசந்தத்துல புதுசு வருது."

எந்த வசந்தத்தில்தான் புதுசு வரவில்லை?

வீட்டுக்குள் நடந்த பரிசோதனைகள் தனி. இருநூற்றைம்பது கிராம் குழல் நுனியில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக அரைப் பொட்டலம் வெண்ணெயை நாடா போட்டுத் துப்பாக்கியில் கட்டி, கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்கில் குறிவைத்துக்கொண்டு நிற்பார். ஜூலை மாதம் வேறு. நான் ஒரு நாள் கடிதத்தோடு உள்ளே போனேன். ரைலி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "வெண்ணெய் எங்க?" என்றாள்.

"துப்பாக்கில."

"எப்ப எறங்கும்?"

"எறங்கிட்டிருக்கு" என்றார். உண்மைதான், அவருடைய காலுறைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் யாருக்காக? நாற்பது கிராம், ஐம்பது கிராம் மிச்சம் பிடிக்கிற இந்த மனிதர் நூற்றுப் பத்துக் கிலோ. அவர் வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மூட்டையை ரைலி ஒரு முறை மீன் தராசில் மாட்டி நிறுத்தாள். மடக்கு நாற்காலி, இரண்டு பிளாஸ்க் காப்பி, கம்பளி, மாற்றுக் காலுறை, இரண்டு வளையம் சாசேஜ், கடுகுச் சாந்து, அப்புறம் அந்தத் தராசு. மொத்தம் பதினோரு கிலோ நானூறு.

"ஒரு வளையத்த விட்டுட்டுப் போனா அறுநூறு கிராம் மிச்சம்" என்றாள்.

"சாப்பாடு வேற சங்கதி" என்று சொல்லிவிட்டு என்ஸியோ சவுனாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து பொட்டலங்கள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கை நானே திருப்பி எடுத்து வந்தேன். ஒன்றில் மரை பொருந்தவில்லை. ஒன்று விளம்பரத்தில் சொன்னதைவிடப் பதினொரு கிராம் கூடுதல். ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவர் அட்டவணையில் அதற்கு மஞ்சள் பூசியிருந்தார். நான்காவதை ஏன் திருப்பினார் என்று அவருக்கே நினைவில்லை.

இதற்குள் இரண்டு இலையுதிர் காலம் போய்விட்டது. இரண்டு முறையும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ஆரஞ்சுத் தொப்பிகள் காட்டுக்குள் போயின. இரண்டு முறையும் ஹல்லா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தது. ஒரு வேட்டை நாய்க்கு நல்ல காலம் என்பது ஆறேழு வருடம். அதில் இரண்டை நாற்பத்தொரு கட்டங்கள் தின்றுவிட்டன. எனக்குக் கோபம்கூட வந்தது. இந்த ஆள் எதற்குச் சைலன்சர் தேடக் கிளம்பினார் என்பதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன். "நாய்க்காகத்தான்" என்றார் சட்டென்று. அதே மூச்சில், "கார்பன்ல ஒண்ணு வந்திருக்கு, பாத்தியா?" என்றார்.

மூன்றாம் வருடம் ஆகஸ்டில் தவுனோ கெடு வைத்தார். "என்ஸியோ, ஹல்லாவுக்கு அஞ்சு வயசு ஆச்சு. இந்த அக்டோபர்ல அவ காட்டுக்கு வரலேன்னா நான் வேற நாய் பாத்துக்கறேன். அப்புறம் உன் நாய் உன் சோபாவுக்கு."

செப்டம்பரில் ஐந்தாவது பொட்டலம் வந்தது. அதைத் தூக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் வைக்க மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். டைட்டானியம். தராசு நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது. என்ஸியோ என்னைக் கட்டிப்பிடித்தார். பின்லாந்துக்காரர்கள் தபால்காரனைக் கட்டிப்பிடிப்பதில்லை, அதனால் இருவரும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெறும் டப்பா மாதிரி இருக்கு" என்றாள் ரைலி.

"அதான்! அதான் விஷயமே!"

பிறகு மூன்று வாரம் சுடும் மைதானத்தில் குறி சரிபார்த்தார். சைலன்சர் ஏறினால் குண்டு விழுகிற இடம் மாறும், அதைச் சரிசெய்ய ஐந்தாறு தோட்டா போதும். இவர் அறுபது சுட்டார்.

வந்தது அந்த சனிக்கிழமை. காலை ஒன்பதரை, தரையெல்லாம் உறைபனி. சங்கத்தார் அவரவர் நம்பரில் நிற்கிறோம். ஐந்தில் அர்மாஸ், ஆறில் நான், வெட்டிய காட்டுக்கு எதிர்ப்பக்கம் ஏழில் என்ஸியோ, அதற்கப்பால் மேட்டைத் தாண்டி எட்டில் ரைலி. தவுனோ ஹல்லாவோடு உள்ளே போயிருக்கிறார். எல்லார் தோளிலும் ரேடியோ. என் தொலைநோக்கியில் என்ஸியோ முழுசாகத் தெரிகிறார், நாற்காலி, கம்பளி, கடுகுச் சாந்து உட்பட.

அப்போதுதான் அர்மாஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ஸியோ, கேக்குதா? என் மருமகன் சொல்றான், அந்த நூத்தித் தொண்ணூத்தெட்டு வெறும் உடம்பு எடையாம். மரை வளையம் சேக்கலியாம்."

தொலைநோக்கியில் ஒரு முதுகு நிமிர்ந்தது.

"சேத்துதான்."

"இல்லியாம்."

"நானே போட்டுப் பாத்திருக்கேன்!"

"உன் சமையக்கட்டுத் தராசுலயா?"

"இங்கயே போட்டுக் காட்டறேன், இரு!"

"ரேடியோவ விடுங்கடா பெர்க்கெலே!" என்று தவுனோவின் குரல் வந்தது. எங்கள் ஊரில் சாத்தானை அப்படித்தான் கூப்பிடுவோம். "நாய் தடம் புடிச்சிருக்கு!"

யார் கேட்டார்கள்? வேட்டை வருடத்துக்கு ஒருமுறை வரும், ஆனால் மரை வளையத்தின் மானம் போனால் வருமா? மூன்று வருடம் காத்திருந்த மனிதர், மூன்று வருடம் காத்திருந்த நாய் மறுபடி தடம் பிடித்திருக்கிற அந்த நேரத்தில், துப்பாக்கி நுனியிலிருந்து சைலன்சரைத் திருகிக் கழற்றி, மரக்கட்டைமேல் தராசை வைத்து, பனியைத் துடைத்து, அதன்மேல் அதை நிறுத்திவைத்தார்.

"இருநூத்தி நாலு!" ரேடியோ பொத்தானை விடவே மறந்துவிட்டார், சங்கம் முழுக்கக் கேட்டது. "இருநூத்தி நாலா? ஏமாத்திட்டானுங்க! ஆறு கிராம்! ஆறு கிராம் ஏமாத்திட்டானுங்க!"

யாரும் ஏமாற்றவில்லை. அறுபது தோட்டாவின் கரி அது. ஆனால் அதை யோசிக்க அப்போது அவருக்கு நேரமில்லை. ஹல்லாவின் குரைப்பு மேட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"வருது!" என்று தவுனோ கத்தினார். "ஏழ பாத்து வருது! நாய் ஒட்டியே வருது!"

என்ஸியோ துள்ளி எழுந்தார். நாற்காலி மடங்கியது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் சைலன்சர். வைக்கிறார், திருகுகிறார், மரை பிடிக்கவில்லை. எடுக்கிறார், ஊதுகிறார், மறுபடி வைக்கிறார், கோணலாக ஏறிச் சிக்கிக்கொள்கிறது. வெறும் விரல், உறைபனி, மெல்லிய மரை. பிடுங்கி எறிந்தார்.

மூஸ் வெளியே வந்தது. கிளைக்கொம்பு வைத்த பெரிய காளை. முப்பதடி தள்ளி நின்றது. என்ஸியோவைப் பார்த்தது. தராசைப் பார்த்தது. மறுபடி என்ஸியோவைப் பார்த்தது. துப்பாக்கி மேலே போயிற்று. பக்கவாட்டில் நிற்கிற அவ்வளவு பெரிய உடம்பை நான்கூடத் தவறவிட மாட்டேன்.

அப்போது அதன் பின்னங்கால்களுக்கு ஐந்தடி பின்னால் ஹல்லா வந்தது. நாக்கு தொங்க, வால் சுருண்டு நிற்க, உடம்பெல்லாம் சந்தோஷமாக வந்தது.

வெறும் குழல். மேலே போன துப்பாக்கி அங்கேயே நின்றது. ஒரு நொடி. இரண்டு நொடி. சுட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுடாவிட்டால் சாகும்வரை சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கியது. என்ஸியோ ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். மூஸ் அவரைக் கடந்து மேட்டைப் பார்க்க நடந்தே போயிற்று, ஓடக்கூட இல்லை. நான் அந்த மனிதரை முப்பது வருடமாகக் கேலி செய்திருக்கிறேன். அந்த நொடி அவரைப் போல் எனக்குப் பிடித்தவர் அந்தக் காட்டில் வேறு யாருமில்லை. தொலைநோக்கி மங்கிவிட்டது.

"ஏன்டா சுடல?" என்றது ரேடியோ.

"நாய் பின்னாடி வந்துச்சு" என்றார் என்ஸியோ.

பிறகு எட்டாம் நம்பர் பக்கமிருந்து ஒரு சத்தம். யாரோ விறகு பிளந்த மாதிரி. ஒரே ஒரு தரம்.

மூஸ் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். என்ஸியோ ஓட ஆரம்பித்தார். நூற்றுப் பத்துக் கிலோ சதுப்பு நிலத்தில் ஓடுவதை நீங்கள் பார்த்ததில்லை. மூட்டையை விட்டுவிட்டார், துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "ஹல்லா! ஹல்லா!" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மூஸ் புல்லில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஹல்லா உட்கார்ந்திருந்தது, நேராக, கடமை முடிந்த தோரணையில். எதிரே ரைலி கத்தியால் சாசேஜை வட்டமாக அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓடலியா?" என்றார் என்ஸியோ. மூச்சு வாங்கியது.

"எதுக்கு ஓடணும்? மூணு வருஷமா சனிக்கிழமைக்கு சனிக்கிழம இந்தச் சத்தத்துக்குத்தான் சாசேஜ் தின்னுட்டிருக்கா. மொதல்ல தூரமா, அப்புறம் கிட்ட, அப்புறம் தலைமாட்டுல. நீ கடைக்குப் போனதும் ஆரம்பிப்போம், கார் சத்தம் கேட்டதும் நிறுத்திடுவோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தராசோட வந்திருப்ப."

என்ஸியோ அவளுடைய துப்பாக்கி நுனியைப் பார்த்தார். அங்கே கறுத்துப்போன பழைய இரும்பு உருளை ஒன்று இருந்தது.

"அது தவுனோவோடது" என்றார் மெல்ல. "அறுநூத்தி இருபது."

"இருக்கும்" என்றாள் ரைலி. "நான் போட்டுப் பாக்கல."

அவர் நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூஸைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மாலை இறைச்சிப் பங்கீடு. எங்கள் சங்கத்து வழக்கம் ஒன்று. இறைச்சியைச் சமமான குவியல்களாக மேஜைமேல் வைப்போம். ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். தலைவர் ஏதாவதொரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார், திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்ல வேண்டும். அன்றைக்கு மூஸைக் கோட்டைவிட்டவருக்குத்தான் முதுகு காட்டும் வேலை. என்ஸியோ சுவரைப் பார்த்து நின்றார்.

"இது யாருக்கு?"

"அர்மாஸுக்கு."

"இது?"

"தபால்காரனுக்கு."

எல்லாப் பெயரும் முடிந்துவிட்டது. மேஜையில் இன்னும் ஒரு சிறு குவியல் மிச்சமிருந்தது. இதயத்தில் ஒரு துண்டும் கொஞ்சம் விலாவும். தவுனோ வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அதைத் தொட்டுக்கொண்டு, "இது யாருக்கு?" என்றார்.

என்ஸியோ சுவரைப் பார்த்தபடியே தொப்பியைக் கழற்றினார்.

"ஹல்லாவுக்கு" என்றார் என்ஸியோ.

ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அர்மாஸ்கூடத் தொப்பியைக் கழற்றினான். மனிதர் மாறிவிட்டார், இந்த இனத்தில் ஒன்று நம் கண்முன்னாலேயே குணமாகிவிட்டது என்று நான் நினைத்த அதே கணம், அந்த முதுகு லேசாக அசைந்தது.

"எவ்வளவு இருக்கும்?" என்றார். "எடை?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டில் இரண்டு மூன்று வருடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறீர்களே, மிக்ஸியோ மூக்குக்கண்ணாடியோ முழங்கால் வலிக்கு ஏற்ற நாற்காலியோ, அது யாருக்காக என்று ஒரு தரம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்த ஆள் இந்நேரம் எங்கிருந்தோ ஒரு பழைய, கனமான ஒன்றை வைத்துக் காரியத்தை முடித்திருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால், எனக்கு இந்த நோய் கிடையாது. மரக்கட்டைமேல் அனாதையாகக் கிடந்த அந்தத் தராசை நான் எடுத்து வந்தது தபால் வேலைக்காகத்தான். ஆனால் உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை லேசாகத் தூக்கிப் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?